எச்.ஐ.வி. உள்ளவருக்கு மூளையில் கட்டி என்றால்: லிம்போமாவைக் கண்டறிந்து சிகிச்சைக்குக் கொண்டுசேர்க்கும் வழி

மூளையில் கட்டி இருப்பதாக ஸ்கேன் அறிக்கை சொல்லும்போது, அந்த மனிதருக்கு எச்.ஐ.வி. தொற்றும் இருந்தால், குடும்பம் இரண்டு அதிர்ச்சிகளைச் சேர்த்துத் தாங்க வேண்டியிருக்கிறது. சில குடும்பங்களில் அந்த ஸ்கேனுக்குப் பின் எடுக்கும் இரத்தப் பரிசோதனையில்தான் எச்.ஐ.வி. இருப்பதே முதன்முதலாகத் தெரியவருகிறது. அப்படிப்பட்ட நோயாளியின் கட்டிலருகே இருக்கும் துணைவருக்காகவும், பெற்றோர் பிள்ளைகளுக்காகவும், அவர்களுக்கு வழிகாட்டும், எச்.ஐ.வி. மருந்து வழங்கும் ஏ.ஆர்.டி. மைய ஆலோசகருக்காகவும் இதை எழுதுகிறேன். மருந்தின் அளவையும் சிகிச்சையின் தேர்வையும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். ஆனால் எந்தப் பரிசோதனை எதற்கு முன் நடக்க வேண்டும், எந்தக் கேள்வியை எந்த நாளில் கேட்க வேண்டும், எந்த மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பவற்றைக் குடும்பம் அறிந்திருந்தால், வாரக்கணக்கான காலம் வீணாகாமல் தப்பும். சிகிச்சையின்றி விட்டால் சில மாதங்களில் உயிரைப் பறித்துவிடும் நோய் இது; ஆகவே ஒவ்வொரு வாரமும் கணக்கில் வரும்.

இது என்ன நோய்

லிம்போமா என்பது நிணநீர் அணுக்களில் தோன்றும் புற்றுநோய். வழக்கமாக அது கழுத்து, அக்குள், வயிறு ஆகிய இடங்களிலுள்ள நெறிக்கட்டிகளில் தொடங்கும். உடலின் வேறெங்கும் இல்லாமல் மூளை, தண்டுவடம், அவற்றைச் சூழ்ந்த உறை, கண்ணின் உட்பகுதி ஆகியவற்றில் மட்டும் தோன்றினால், அதை மைய நரம்பு மண்டலத்தின் முதன்மை லிம்போமா என்பார்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் இது பெரும்பாலும் பி வகை அணுக்களிலிருந்து பிறந்து, மிக வேகமாக வளரும் இனத்தைச் சேர்ந்தது.

இதன் பின்னால் இருப்பது எப்ஸ்டீன்–பார் என்ற வைரஸ். உலகில் வயதுவந்தோரில் மிகப் பெரும்பாலோரின் உடலில் இந்த வைரஸ் உறங்கிக்கொண்டிருக்கிறது. நோய் எதிர்ப்பாற்றல் அதைக் கட்டுக்குள் வைத்திருப்பதால் அவர்களுக்கு எந்தத் தீங்கும் நேர்வதில்லை. எதிர்ப்பாற்றலைத் தாங்கும் சி.டி.4 என்ற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை ஒரு மைக்ரோ லிட்டர் இரத்தத்தில் 50-க்கும் கீழே சரிந்து, அந்தக் காவல் நெடுங்காலம் தளர்ந்திருக்கும்போது, வைரஸ் குடியிருக்கும் நிணநீர் அணுக்கள் மூளைக்குள் கட்டுப்பாடின்றிப் பெருகுகின்றன. எச்.ஐ.வி. உள்ளவர்களின் மூளை லிம்போமாவில் ஏறத்தாழ எல்லாக் கட்டிகளிலும் இந்த வைரஸ் காணப்படுகிறது. எதிர்ப்பாற்றல் குறையாதவர்களுக்கு வரும் மூளை லிம்போமாவில் அது அரிது. நோயறிதலின் ஒரு முக்கியச் சோதனை இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

ஆகவே எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்தை ஒழுங்காக உட்கொண்டு, இரத்தத்தில் எச்.ஐ.வி.யின் அளவு கண்டறிய முடியாத நிலையில் இருப்பவருக்கு இந்நோய் வருவது மிகவும் அரிது. 1996-ஐ ஒட்டிக் கூட்டு மருந்து சிகிச்சை பரவலானபின் உலகெங்கும் இந்த லிம்போமா வேகமாகக் குறைந்தது. இந்தியாவில் 2004 ஏப்ரல் முதல் நாள் அரசின் இலவசக் கூட்டு மருந்துத் திட்டம் தொடங்கியபோது, முதலில் திறக்கப்பட்ட சில மையங்களில் தாம்பரம் அரசு மருத்துவமனையும் ஒன்று. அன்றிலிருந்து இன்றுவரை மருந்தை விடாமல் உட்கொண்டு நலமாக வாழ்கிறவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். இன்று இந்நோயில் சிக்குகிறவர்கள் பெரும்பாலும் இரு வகையினர்: தமக்குத் தொற்று இருப்பதே தெரியாமல் காலம் கடந்து வந்தவர்கள், அல்லது வேலை மாற்றம், ஊர் மாற்றம், மனச்சோர்வு, குடும்பச் சிக்கல் என ஏதோ ஒரு காரணத்தால் மருந்தை இடையில் நிறுத்தியவர்கள். இரண்டாம் வகையினரைக் கடிந்துகொள்வதால் ஒரு பயனும் இல்லை. எப்போது நிறுத்தினார் என்ற நாளை மட்டும் அன்போடு கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அது மருத்துவருக்குத் தேவைப்படும்.

அறிகுறிகளை நாள்வாரியாக எழுதுங்கள்

இந்த நோய் பெரும்பாலும் சத்தமில்லாமல் நுழைகிறது. மனிதர் மந்தமாகிறார், பேச்சில் ஆர்வம் குறைகிறது, சமைத்ததையும் சாப்பிட்டதையும் மறக்கிறார், கணக்கில் தடுமாறுகிறார். வீட்டார் இதை மன அழுத்தம் என்றோ உடல் பலவீனம் என்றோ எண்ணி விட்டுவிடுவது இயல்பு. பிறகு ஒரு பக்கக் கை கால் வலுவிழப்பது, சொல் வராமல் திணறுவது, நடையில் தள்ளாட்டம், வலிப்பு, காலையில் கூடும் தலைவலியும் வாந்தியும் ஆகியவை வருகின்றன. காரணம் தெரியாத காய்ச்சல், இரவில் உடை நனையும் அளவு வியர்வை, எடை குறைதல் ஆகியவையும் சேரலாம். கண்ணில் புள்ளிகள் மிதப்பதுபோலத் தெரிந்தாலோ, பார்வை மங்கினாலோ அதையும் விடாமல் சொல்லுங்கள், ஏனெனில் இந்தக் கட்டி கண்ணுக்குள்ளும் பரவக்கூடும். முகம் ஒரு பக்கம் கோணுவது, பொருள்கள் இரண்டாகத் தெரிவது, தாடை மரத்துப்போவது ஆகியவை மூளை உறையில் லிம்போமா படர்ந்திருப்பதைக் காட்டலாம். உடலின் வேறிடத்தில் தொடங்கிய லிம்போமா மூளை உறைக்கு வந்து சேர்ந்தாலும் இவ்வாறு நேரும்.

எந்த மாற்றம் எந்த நாளில் தொடங்கியது என்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஓரிரு நாளில் திடீரென வந்ததா, ஆறு வாரமாகப் படிப்படியாகக் கூடியதா என்பது மருத்துவரின் சந்தேகப் பட்டியலையே மாற்றக்கூடியது.

வலிப்பு வந்தால் நோயாளியைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவையுங்கள். தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வையுங்கள். வாயில் ஸ்பூனோ தண்ணீரோ எதுவும் வைக்காதீர்கள். கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது நம் ஊர்ப் பழக்கம். அதனால் வலிப்பு நிற்காது, கை விரல்களில் காயம்தான் ஏற்படும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், நினைவு திரும்பும் முன் மறுபடி வந்தாலும் 108-ஐ அழையுங்கள்.

மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய ஒரு பக்கத் தாள்

நரம்பியல் பிரிவு ஒரு கட்டடத்திலும், ஏ.ஆர்.டி. மையம் வேறொரு வளாகத்திலும், புற்றுநோய்ப் பிரிவு மூன்றாவது இடத்திலும் இருப்பதே நம் நடைமுறை. அவற்றுக்கிடையே செய்தி தானாகப் பயணிக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். ஒரே பக்கத்தில் இவற்றை எழுதி, எத்தனை பிரதி வேண்டுமோ அத்தனை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: எச்.ஐ.வி. கண்டறியப்பட்ட ஆண்டு, இதுவரை பதிவான மிகக் குறைந்த சி.டி.4 எண்ணிக்கையும் கடைசியாக எடுத்த எண்ணிக்கையும். கடைசி வைரஸ் அளவும் அதன் தேதியும். இப்போது உட்கொள்ளும் கூட்டு மருந்தின் பெயர். மருந்து விடுபட்ட காலங்கள். தொற்றுகளைத் தடுக்கத் தரப்படும் செப்ட்ரான் மாத்திரையை நாள்தோறும் எடுத்தாரா என்பது. முன்பு காசநோய் வந்ததா என்பது. மஞ்சள் காமாலை பி வைரஸ் பரிசோதனையின் முடிவு. எந்த மருந்துக்காவது ஒவ்வாமை உண்டா என்பது. கடைசியாக ஒரு வரியைத் தடித்த எழுத்தில் எழுதுங்கள்: ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டதா, கொடுத்தால் எந்தத் தேதியிலிருந்து, என்ன அளவில். அந்த வரி ஏன் தேவை என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

முதல் இரண்டு வாரங்கள்

எச்.ஐ.வி. உள்ளவரின் மூளையில் கட்டி தெரிந்தால் அது லிம்போமாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் தொற்று, காசநோய்க் கட்டி, கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை, சீழ்க்கட்டி, வெண்பகுதியை அரிக்கும் ஜே.சி. வைரஸ் நோய் என்று பல உண்டு, அவற்றில் பல மருந்தால் குணமாகக்கூடியவை. நம் நாட்டில் காசநோய் மிகுதி என்பதால் அந்தச் சந்தேகமும் எப்போதும் முன்னால் நிற்கும். ஆகவே முதல் இரண்டு வாரங்களின் வேலை பிரித்தறிவதுதான்.

கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இதற்கு அடிப்படை, வெறும் சி.டி. ஸ்கேனோடு நிறுத்திவிட்டால், எம்.ஆர்.ஐ. எப்போது எடுக்கலாம் என்று கேளுங்கள். லிம்போமா பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ கட்டிகளாக, மூளையின் நீர் அறைகளை ஒட்டியோ, இரு அரைக்கோளங்களை இணைக்கும் பாலம் போன்ற பகுதியைத் தாண்டியோ வளரும்; 4 செ.மீ.-க்கு மேற்பட்ட ஒற்றைக் கட்டி என்றால் லிம்போமாவின் மேல் சந்தேகம் வலுக்கும். டாக்ஸோபிளாஸ்மா பெரும்பாலும் பல சிறு கட்டிகளாக, மூளையின் ஆழத்திலுள்ள நரம்பு முடிச்சுகளிலும், சாம்பல் பகுதியும் வெண்பகுதியும் சந்திக்கும் எல்லையிலும் தோன்றும். இரண்டுமே ஓரம் மட்டும் ஒளிரும் வளையம்போலத் தெரியக்கூடும் என்பதால், படத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. வசதி உள்ள இடத்தில் பெட் ஸ்கேன் உதவும்: லிம்போமா குளுக்கோஸை மிகுதியாக உறிஞ்சி ஒளிரும், டாக்ஸோபிளாஸ்மா கட்டி மங்கலாகத் தெரியும்.

இரத்தத்தில் டாக்ஸோபிளாஸ்மாவுக்கான ஐ.ஜி.ஜி. எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்ப்பது எளிய, ஆனால் மிகவும் பயனுள்ள பரிசோதனை. அது இருந்தால், எப்போதோ ஒருமுறை அந்த ஒட்டுண்ணி உடலுக்குள் வந்திருக்கிறது என்று மட்டுமே பொருள். அது இல்லை என்றால், குறிப்பாக நோயாளி செப்ட்ரானை ஒழுங்காக உட்கொண்டவர் என்றால், டாக்ஸோபிளாஸ்மாவுக்கான வாய்ப்பு மிகவும் குறைந்து, லிம்போமாவுக்கான வாய்ப்பு கூடுகிறது. இரத்தத்தில் கிரிப்டோகாக்கஸ் ஆன்டிஜென், சிபிலிஸ் ஆகிய பரிசோதனைகளும், மார்பு எக்ஸ்ரேயும் உடன் நடக்க வேண்டும்.

அடுத்தது முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுப்பது. மூளையில் அழுத்தம் கூடியிருக்கும்போது இதைச் செய்தால் ஆபத்து நேரலாம் என்பதால், ஸ்கேனைப் பார்த்து மருத்துவர் பாதுகாப்பானது என்று சொன்ன பிறகே செய்ய வேண்டும். செய்யும்போது எல்லாப் பரிசோதனைகளுக்கும் போதிய அளவு நீரை ஒரே முறையில் எடுத்துவிடும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை ஊசிக்கு நோயாளியைச் சம்மதிக்க வைப்பது கடினம். அந்த நீரில் எப்ஸ்டீன்–பார் வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனையே இந்த நோய்க்கு முக்கியமானது. வைரஸின் அளவு மிகுந்து காணப்பட்டு, ஸ்கேனும் அதற்கு ஒத்திருந்தால், லிம்போமா என்ற எண்ணம் மிகவும் வலுப்படுகிறது. அளவு மிகக் குறைவாக இருந்தால் அதை மட்டும் நம்பக் கூடாது, வேறு தொற்றுகளிலும் அப்படி வரலாம். புற்றணுக்களை நுண்ணோக்கியில் தேடும் சோதனையும், அணுக்களின் அடையாளங்களைப் பிரித்துக் காட்டும் ஃப்ளோ சைட்டோமெட்ரியும் அதே நீரில் செய்யப்படும். அணுக்கள் தென்படவில்லை என்ற அறிக்கை வந்தால் லிம்போமா இல்லை என்று பொருளில்லை, பலருக்கு அவை அந்த நீரில் சிக்குவதே இல்லை. காசநோய்க்கான மரபணுச் சோதனை, டாக்ஸோபிளாஸ்மா, ஜே.சி. வைரஸ் ஆகியவற்றின் பி.சி.ஆர். ஆகியவையும் இதே நீரில் முடிந்துவிடும்.

இந்த முடிவுகள் வருவதற்குள் பல மருத்துவர்கள் டாக்ஸோபிளாஸ்மாவுக்கு மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். அது தவறன்று, குணமாகக்கூடிய நோயைக் காத்திருக்க வைக்கக் கூடாது. தொற்றுதான் காரணம் என்றால் பெரும்பாலோர் 14 நாட்களுக்குள் தெளிவாகத் தேறுவார்கள். தேறவில்லை என்றாலோ, முதல் வாரத்திலேயே மோசமானாலோ, அதே மருந்தை மாதக்கணக்கில் நீட்டிக் காத்திருப்பது பெரும் இழப்பு. மருந்து தொடங்கிய தேதியை நோட்டில் குறித்து, பத்தாம் நாள் சுற்றுக்கு வரும் மருத்துவரிடம் இப்படிக் கேளுங்கள்: மறு ஸ்கேன் எந்த நாளில் எடுக்கப்போகிறோம்? கட்டி சுருங்காவிட்டால் அடுத்த படி என்ன? இந்தக் கேள்விகளைக் கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது.

ஸ்டீராய்டுக்கு முன் ஒரு கேள்வி

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு செய்தியை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். மூளை வீக்கத்தைக் குறைக்க டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுப்பது மிகவும் வழக்கம். பல கட்டிகளுக்கு அது நல்ல உதவி. லிம்போமா அணுக்களோ ஸ்டீராய்டு பட்டவுடன் அழியத் தொடங்கிவிடும். சில நாட்களில் ஸ்கேனில் கட்டி சுருங்கும், சில வேளை மறைந்தே போகும். நோயாளி எழுந்து உட்கார்ந்து பேசுவார், குடும்பம் மகிழும். ஆனால் அது குணமன்று. அந்த நேரத்தில் எடுக்கும் திசுவில் அழிந்த அணுக்கள் மட்டுமே கிடைத்து, எந்த நோய் என்று சொல்ல முடியாமல் போகும்; சில வாரங்களில் கட்டி திரும்பும். டாக்ஸோபிளாஸ்மா மருந்தோடு ஸ்டீராய்டும் சேர்ந்து போயிருந்தால், தேறியது எதனால் என்றே தெரியாமல் தவறான நோய்க்குச் சிகிச்சை தொடரும் ஆபத்தும் உண்டு.

அதனால் ஸ்டீராய்டு வேண்டாம் என்று மறுத்துவிடக் கூடாது. மூளை அழுத்தம் உயிருக்கு ஆபத்தாகும் நிலையில் அதைக் கொடுத்தே ஆக வேண்டும், காசநோய் மூளைக் காய்ச்சலிலும் அது சிகிச்சையின் ஒரு பகுதி. கேட்க வேண்டியது இவ்வளவுதான்: லிம்போமா என்ற சந்தேகம் இருக்கிறதா, இருந்தால் திசு எடுக்கும்வரை ஸ்டீராய்டைத் தள்ளிவைக்க முடியுமா? ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது என்றால், தேதியையும் அளவையும் அந்த ஒரு பக்கத் தாளில் எழுதுங்கள்.

திசுப் பரிசோதனை

உறுதியான நோயறிதல் பயாப்சிதான். கட்டியை முழுவதும் அகற்றும் பெரிய அறுவை சிகிச்சை இந்த நோய்க்குத் தேவையில்லை. லிம்போமா மூளைக்குள் ஊடுருவிப் பரவுவது என்பதால் வெட்டி எடுத்துத் தீர்க்கும் நோய் அன்று. மண்டை ஓட்டில் சிறு துளையிட்டு, ஸ்கேனின் வழிகாட்டுதலில் மெல்லிய ஊசியால் சிறிது திசுவை எடுப்பதே போதும். இரத்தக் கசிவு போன்ற அபாயம் சிறிதளவு உண்டு. கட்டி எட்ட முடியாத ஆழத்தில் இருந்தாலோ, இரத்தம் உறைவதில் கோளாறு இருந்தாலோ, தண்டுவட நீரின் சோதனையையும் பெட் ஸ்கேனையும் சேர்த்து வைத்தே மருத்துவர்கள் முடிவெடுப்பதும் உண்டு. திசு எடுக்கப்பட்டால், எப்ஸ்டீன்–பார் வைரஸ் சோதனையும் அதில் செய்யச் சொல்லி எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

எச்.ஐ.வி. இருப்பதைக் காரணம் காட்டி அறுவை சிகிச்சையைத் தட்டிக்கழிப்பது சட்டம் தடைசெய்த பாகுபாடு. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. சிகிச்சை மறுப்பை அது தடைசெய்கிறது, நோயாளியின் நிலையைப் பிறருக்கு வெளியிடுவதையும் கட்டுப்படுத்துகிறது. மறுப்பு நேர்ந்தால் அதை எழுத்தில் தரும்படி கேளுங்கள். பெரும்பாலும் அந்தக் கோரிக்கையே நிலைமையை மாற்றும். சட்டத்தின்கீழ் மாநில அரசு நியமிக்கும் ஓம்பட்ஸ்மன் என்ற குறைதீர்ப்பாளரிடம் புகார் அளிக்கலாம். வழி தெரியாவிட்டால் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 1097 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் கேட்கலாம். நோயாளியின் நினைவு தடுமாறும் நிலையில், யாரிடம் என்ன சொல்லலாம் என்பதை அவர் தெளிவாக இருக்கும் வேளையிலேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. உறவினர் எல்லோருக்கும் எல்லாம் தெரிய வேண்டியதில்லை.

நோய் உறுதியானதும், அது மூளையில் மட்டும்தானா என்று பார்க்க வேண்டும். கண் மருத்துவரின் நுட்பமான கண் பரிசோதனை, உடல் முழுவதற்குமான சி.டி. அல்லது பெட் ஸ்கேன், எலும்பு மஜ்ஜைச் சோதனை, ஆண்களுக்கு விதைப்பையின் அல்ட்ராசவுண்ட் ஆகியவை வழக்கமானவை. இவற்றுக்காகச் சிகிச்சை பல வாரம் தள்ளிப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டு மருந்தை நிறுத்தாதீர்கள்

புற்றுநோய் சிகிச்சை தொடங்கும்போது, உடல் தாங்காது என்ற எண்ணத்தில் எச்.ஐ.வி. மருந்தை நிறுத்திவிடும் குடும்பங்கள் உண்டு. இது பெரும் தவறு. எதிர்ப்பாற்றல் மீண்டால்தான் எப்ஸ்டீன்–பார் வைரஸ் மறுபடி கட்டுக்குள் வரும். ஆகவே இந்த லிம்போமாவில் கூட்டு மருந்தும் புற்றுநோய் சிகிச்சையின் ஒரு பாதிதான். புதிதாகத் தொற்று கண்டறியப்பட்டவருக்கும் தாமதமின்றித் தொடங்க வேண்டும். கிரிப்டோகாக்கஸ் அல்லது காசநோய் மூளைக் காய்ச்சல் இருந்தால் மட்டும் சில வாரம் பொறுத்துத் தொடங்குவார்கள், அதனால்தான் அவை இல்லை என்பதை முதலில் உறுதிசெய்கிறார்கள்.

இப்போது நம் ஏ.ஆர்.டி. மையங்களில் பெரும்பாலோருக்குத் தரப்படுவது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. இதில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். டெனோஃபோவிரின் பழைய வடிவம் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. கீழே சொல்லப்போகும் கீமோ மருந்தும் சிறுநீரகத்தின் வழியாகத்தான் வெளியேறுகிறது. ஆகவே சிறுநீரகத்துக்கு இதமான வேறு மருந்துக்கு மாற்ற வேண்டுமா என்று ஏ.ஆர்.டி. மருத்துவரும் புற்றுநோய் மருத்துவரும் பேசி முடிவு செய்ய வேண்டும். மஞ்சள் காமாலை பி வைரஸும் உள்ளவருக்கு டெனோஃபோவிர் அந்த வைரஸையும் அடக்கிக்கொண்டிருக்கிறது என்பதால், மாற்று ஏற்பாடு இல்லாமல் அதை நிறுத்திவிடக் கூடாது. இரண்டாவது, வலிப்பு மருந்து. ஃபெனிடாயின், கார்பமாசெபின், ஃபீனோபார்பிட்டால் ஆகியவை டோலுடெக்ராவிரின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும். லெவெடிரசெட்டம் அப்படிச் செய்யாது என்பதால் அதுவே ஏற்றது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுக்கிறவருக்கு டோலுடெக்ராவிர் நாளுக்கு இருமுறை தேவைப்படும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளையும் அமில முறிவு மருந்துகளையும் டோலுடெக்ராவிரோடு வெறும் வயிற்றில் சேர்த்துத் தராதீர்கள். டோலுடெக்ராவிரை அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ கொடுங்கள். விழுங்க முடியாதவருக்கு மாத்திரையை நொறுக்கித் தரலாமா என்று மருந்தாளுநரைக் கேட்ட பிறகே செய்யுங்கள்.

மெத்தோட்ரெக்சேட் நாட்கள்

மூளைக்குள் மருந்து நுழைவதைத் தடுக்கும் ஓர் இயற்கை அரண் உண்டு. மற்ற லிம்போமாக்களுக்குக் கொடுக்கும் வழக்கமான கீமோ கலவை அதைக் கடந்து போதிய அளவு செல்வதில்லை. மிக உயர்ந்த அளவில் செலுத்தப்படும் மெத்தோட்ரெக்சேட் செல்கிறது. பெரும்பாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மருத்துவமனையில் சில நாள் தங்கிப் பெற வேண்டிய சிகிச்சை இது. பல சுழற்சிகள் தேவைப்படும். ரிட்டுக்சிமாப் என்ற மருந்தும் பல இடங்களில் சேர்க்கப்படுகிறது, அதற்கு முன் மஞ்சள் காமாலை பி வைரஸ் சோதனை கட்டாயம்.

இந்தச் சிகிச்சையின் வெற்றி தோல்வி பெரும்பாலும் மருந்தை உடலிலிருந்து நேரத்துக்கு வெளியேற்றுவதில் இருக்கிறது, இங்குதான் அருகிலிருப்பவரின் கண்காணிப்பு மிகவும் உதவும். நரம்பு வழியாக நிறைய நீரும், சிறுநீரைக் காரத்தன்மையில் வைக்கச் சோடியம் பைகார்பனேட்டும் ஏற்றப்படும். சிறுநீரின் அளவை ஒவ்வொரு முறையும் குறித்து, குறைந்தால் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். சுமார் 24 மணி நேரத்துக்குப் பின் லியூகோவோரின் என்ற மீட்பு மருந்து தொடங்கும். அது குறித்த நேரத்தில் தவறாமல் போக வேண்டும். இரத்தத்தில் மெத்தோட்ரெக்சேட்டின் அளவை நாள்தோறும் பார்த்து, பாதுகாப்பான அளவுக்குக் கீழே இறங்கிய பிறகே வீட்டுக்கு அனுப்புவார்கள். அந்த அளவை அளக்கும் வசதி இல்லாத மருத்துவமனையில் இந்தச் சிகிச்சையைத் தொடங்கச் சம்மதிக்காதீர்கள் என்பது என் திடமான கருத்து. வசதியுள்ள அரசு மருத்துவக் கல்லூரிக்கோ புற்றுநோய் மையத்துக்கோ மாற்றச் சொல்லிக் கேளுங்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எந்தெந்தச் செலவு அடங்கும் என்று அங்குள்ள காப்பீட்டு அலுவலரிடம் முதல் நாளே விசாரித்துவிடுங்கள்.

சில பொருள்கள் மெத்தோட்ரெக்சேட் வெளியேறுவதைத் தடுக்கும் அல்லது அதன் நச்சைக் கூட்டும். எச்.ஐ.வி. உள்ளவர் நாள்தோறும் எடுக்கும் செப்ட்ரானே அவற்றில் முதன்மையானது. கீமோ நாட்களை ஒட்டி அதை நிறுத்திவைத்து, நிமோனியாத் தடுப்புக்கு வேறு மருந்து தர வேண்டும். புற்றுநோய்ப் பிரிவில் செப்ட்ரானைப் பற்றியும், ஏ.ஆர்.டி. மையத்தில் மெத்தோட்ரெக்சேட்டைப் பற்றியும் தெரியாமல் போகும் வாய்ப்பு உண்மையானது என்பதால், நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள், ஆஸ்பிரின், பென்சிலின் வகை மருந்துகள், வயிற்று எரிச்சலுக்கு நாம் கடையில் கேட்டு வாங்கும் பான்டோபிரசோல், ஒமிபிரசோல் ஆகியவையும் இதில் அடங்கும். சிறுநீரை அமிலமாக்கும் கோலா பானங்களும் வைட்டமின் சி மாத்திரைகளும் அந்த நாட்களில் வேண்டாம். நாட்டு மருந்தோ லேகியமோ ஏற்கெனவே கொடுத்து வருகிறீர்கள் என்றால் மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் உங்களைக் கடிந்துகொள்வதற்காகக் கேட்பதில்லை, சிறுநீரகத்தைக் காப்பதற்காகக் கேட்கிறார்கள்.

கீமோ முடிந்த இரண்டு நாட்கள் வரை சிறுநீர், வாந்தி ஆகியவற்றைக் கையாளும்போது கையுறை அணியுங்கள். அது கீமோ மருந்திலிருந்து உங்களைக் காப்பதற்காக. மற்றபடி தொடுவதாலும், ஊட்டிவிடுவதாலும், ஒரே அறையில் உறங்குவதாலும் எச்.ஐ.வி. பரவாது, இந்தப் புற்றுநோயும் பரவாது. கையைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். பிறகு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல் வந்தால், இரவாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சிறுநீரகம் பலவீனமாக உள்ளவருக்கும், உடல் மிகவும் தளர்ந்தவருக்கும் இந்தச் சிகிச்சை இயலாமல் போகலாம். அவர்களுக்கு மூளை முழுவதற்குமான கதிர்வீச்சு, ஸ்டீராய்டு, கூட்டு மருந்து ஆகியவை உண்டு. கதிர்வீச்சு விரைவில் ஆறுதல் தரும். ஆனால் நீண்ட காலம் வாழ்கிறவர்களில் நினைவாற்றல், நடை, சிறுநீர்க் கட்டுப்பாடு ஆகியவற்றைப் பாதிக்கக்கூடும் என்பதால், கீமோ தாங்கக்கூடியவருக்குக் கதிர்வீச்சை முதலில் கொடுப்பதை இப்போது தவிர்க்கிறார்கள். எந்தச் சிகிச்சையும் தாங்காத நிலையில், வலியும் வலிப்பும் படுக்கைப் புண்ணும் இல்லாமல் பார்த்துக்கொள்ளும் வலி நிவாரணப் பிரிவை நாடுவது அவரைக் கைவிடுவதாகாது.

ஒன்றை உறுதியாகச் சொல்ல வேண்டும். கூட்டு மருந்து இல்லாத காலத்தில் இந்த நோய்க்காரர்கள் சில மாதங்களே வாழ்ந்தார்கள். அந்தக் காலத்து அவநம்பிக்கை இன்றும் பல வார்டுகளில் மிச்சமிருக்கிறது. அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் கூட்டு மருந்து, ரிட்டுக்சிமாப், உயர் அளவு மெத்தோட்ரெக்சேட் மூன்றையும் சேர்த்து 12 பேருக்குச் சிகிச்சை அளித்து, 2020-இல் வெளியிட்ட முடிவுகளில், ஐந்து ஆண்டுகள் உயிர்வாழும் வாய்ப்பு 67 விழுக்காடு என்று கணிக்கப்பட்டது. 12 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான், அந்த வசதிகள் எல்லா ஊரிலும் இல்லை என்பதும் உண்மைதான். ஆனாலும், எச்.ஐ.வி.யும் மூளைப் புற்றுநோயும் சேர்ந்துவிட்டன, இனி செய்ய ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால், மெத்தோட்ரெக்சேட் தர இயலாததற்கான காரணம் என்ன என்று அவரிடம் பணிவாகக் கேளுங்கள், தேவையானால் இன்னொரு மருத்துவரின் கருத்தையும் பெறுங்கள்.

கட்டி மறைந்த பிறகு

நோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்தான் திரும்புகிறது. அதனால் அந்தக் காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு ஐந்தாம் ஆண்டு வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் எம்.ஆர்.ஐ. எடுப்பது வழக்கம். கண்ணில் புதிதாக மிதக்கும் புள்ளிகளோ மங்கலோ தெரிந்தால் அடுத்த ஸ்கேன் தேதிவரை காத்திருக்காமல் போக வேண்டும். கடைசிக் கீமோவுக்குப் பின் செப்ட்ரானை எப்போது மறுபடி தொடங்குவது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நிறுத்தியதை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள், தொடங்குவதைத்தான் மறந்துவிடுவார்கள். கையெழுத்துப் போடவும், பணத்தை எண்ணவும், மருந்து வேளையை நினைவில் வைக்கவும் சிலருக்கு மாதக்கணக்கில் துணை வேண்டியிருக்கும். மாத்திரைப் பெட்டியை வாரத்துக்கு ஒருமுறை நீங்கள் நிரப்புங்கள். அன்றன்றைய மாத்திரையை எடுத்து உட்கொள்வதை அவரே செய்யட்டும். ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகும் நாளில், வைரஸ் அளவு எடுத்து எவ்வளவு காலமாயிற்று என்று பார்த்து, அடுத்த தேதியை அந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.